1977 மக்களவைத் தேர்தலைப் படிப்பது எப்படி: கட்சிகள் உருமாறியதைக் கண்டறிய ஒரு வழிகாட்டி

ஒரு தேர்தலில் ஆட்சி மாறியதா என்பதை அறிய வென்றவரின் பெயர் போதும். கட்சி அரசியலே மாறியதா என்பதை அறிய வேண்டுமானால், அதற்கு முந்தைய தேர்தலையும் பின்வந்த ஆண்டுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இந்திரா காந்தி அரசு 1975இல் அறிவித்த நெருக்கடி நிலைக்குப் பிறகு 1977 மார்ச்சில் நடந்த தேர்தலை அவ்வாறு படிக்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில், வாக்கு விகிதத்தையும் இடங்களையும் அருகருகே எழுதிக்கொள்ளுங்கள். காங்கிரஸ் 1971இல் ஏறத்தாழ 43.7 விழுக்காடு வாக்குகளுடன் 352 இடங்களைப் பெற்றது. 1977இல் ஏறத்தாழ 34.5 விழுக்காடு பெற்றும் 154 இடங்களோடு நின்றது. ஒன்பது விழுக்காட்டுச் சரிவுக்கு 198 இடங்கள் பறிபோனது ஏன் என்று கேட்டால்தான் விடை புலப்படும்: அதுவரை பலவாகப் பிரிந்து கிடந்த எதிர்ப்பு வாக்குகள், பெரும்பாலான தொகுதிகளில் ஒரே வேட்பாளரிடம் திரண்டன. ஜனவரி 18 அன்று தேர்தல் அறிவிப்பு வந்த சில நாட்களுக்குள் ஸ்தாபன காங்கிரஸ் (1969 பிளவில் இந்திராவுக்கு எதிராக நின்ற பிரிவு), ஜனசங்கம், பாரதிய லோக் தளம், சோசலிஸ்டுகள் ஆகியோர் ஜனதா என்ற பெயரில் ஒன்றுசேர்ந்தனர். பிப்ரவரியில் மூத்த மத்திய அமைச்சர் ஜகஜீவன் ராம் காங்கிரஸிலிருந்து வெளியேறி அவர்களுக்குத் துணைநின்றார். தேர்தல் ஆணையத்தின் அட்டவணையில் ஜனதாவைத் தேடிக் குழம்ப வேண்டாம். அக்கட்சி லோக் தளத்தின் ஏருழவன் சின்னத்தில் போட்டியிட்டதால், அதன் 295 இடங்களும் பாரதிய லோக் தளத்தின் கணக்கிலேயே பதிவாகியுள்ளன.

அடுத்து, மாநிலம் மாநிலமாகப் பிரித்துப் பாருங்கள். அகில இந்தியக் கூட்டுத்தொகை இத்தேர்தலின் மிக முக்கியமான உண்மையை மறைத்துவிடும் என்பதால், இந்தப் படியைத் தாண்டிச் செல்லவே கூடாது. உத்தரப் பிரதேசத்தின் 85 இடங்களிலும் பீகாரின் 54 இடங்களிலும் காங்கிரஸுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ரே பரேலியில் இந்திரா காந்தியே தோற்றார். அதே தேர்தலில் ஆந்திரத்தின் 42 இடங்களில் 41ஐ காங்கிரஸ் வென்றது. நெருக்கடி நிலைக் காலக் கட்டாயக் கருத்தடையின் கொடுமையை வடக்கு மிகுதியாக அனுபவித்தது இதற்கு ஒரு பெருங்காரணம். தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சியை மத்திய காங்கிரஸ் அரசு கலைத்திருந்தும், மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க.–காங்கிரஸ் கூட்டணியே பெருவாரியாக வென்றது. சில மாதங்களில் வந்த சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் துணையின்றியே எம்.ஜி.ஆர். ஆட்சியைப் பிடித்தார். ஆகவே டெல்லியின் அளவுகோலைக் கொண்டு இம்மாநிலத்தை அளக்க வேண்டாம்.

பிறகு, வென்ற அணியின் முறிவைப் பின்தொடருங்கள். ஜனதா பிரதமர் மொரார்ஜி தேசாயின் அரசு 1979 ஜூலையில் கவிழ்ந்ததை வைத்து 1977ஐத் தோல்வியுற்ற பரிசோதனை என்று முடிவுகட்டுவோர் பலர் உண்டு. அது தவறான அளவீடு என்பதே என் உறுதியான கருத்து. ஆட்சியின் ஆயுள் வேறு, அது விதைத்தவற்றின் ஆயுள் வேறு. ஜனதாவில் இருப்போர் ஆர்.எஸ்.எஸ்.ஸிலும் உறுப்பினராக இருக்கலாமா என்ற இரட்டை உறுப்பினர் சர்ச்சையில் ஜனதாவை விட்டு விலகிய பழைய ஜனசங்கத்தினர், 1980 ஏப்ரல் 6 அன்று பாரதிய ஜனதா கட்சியைத் தொடங்கினர். மொரார்ஜி அரசு அமைத்த மண்டல் ஆணையத்தின், பிற்படுத்தப்பட்டோருக்கு இடஒதுக்கீடு என்ற பரிந்துரையை 1990இல் வி.பி. சிங் அரசு செயல்படுத்த முற்பட்டபோது, வட இந்தியக் கட்சிகளின் சமூக அடித்தளமே இடம்பெயர்ந்தது. காங்கிரஸும் பழைய காங்கிரஸாக மிஞ்சவில்லை: 1978 ஜனவரியில் அது பிளந்தது, பசுவும் கன்றும் என்ற சின்னம் போய்க் கைச்சின்னம் வந்தது, இந்திராவின் பிரிவு 1980இல் 353 இடங்களுடன் திரும்பியது.

கடைசியாக, இக்கட்சிகளின் குடிவழியை ஒரு தாளில் வரையுங்கள். ஜனதா கட்சியின் வழிவந்து 1988இல் உருவான ஜனதா தளத்தை நடுவில் வைத்து, அதிலிருந்து பீகாரின் ராஷ்ட்ரிய ஜனதா தளம், ஒடிசாவின் பிஜு ஜனதா தளம், கர்நாடகத்தின் மதச்சார்பற்ற ஜனதா தளம் எனக் கிளைகளை நீட்டி, ஒவ்வொன்றும் பிரிந்த ஆண்டையும் அப்போதைய தலைவரையும் அதன்கீழ் குறித்துக்கொள்ளுங்கள்.