மனிதவளத் துறை காட்டும் எண்களில் நேரும் தவறுகள்

ஆண்டு முடிவில் மனிதவளத் துறை நிர்வாகத்திடம் கொடுக்கும் அறிக்கை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: இத்தனை பேரை எடுத்தோம், இத்தனை மணி நேரம் பயிற்சி கொடுத்தோம், இத்தனை நேர்காணல் நடத்தினோம். துறை எவ்வளவு உழைத்தது என்பது இதில் தெரியும். அந்த உழைப்பால் என்ன மாறியது என்பது தெரியாது. நிர்வாகம் அறிய விரும்புவது அதைத்தான்.

பயிற்சியில் இந்தத் தவறு பளிச்சென்று தெரியும். அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-லேயே பயிற்சியை எடைபோட நான்கு படிகளைச் சொன்னார்: வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றுக்கொண்டார்களா, கற்றதை வேலையில் செய்கிறார்களா, அதனால் நிறுவனத்துக்குப் பலன் உண்டா. பல இடங்களில் வகுப்பு முடிந்ததும் நிரப்பித் தரும் கருத்துப் படிவத்தோடு, அதாவது முதல் படியோடு, விட்டுவிடுகிறார்கள்.

அதைவிடப் பெரிய தவறு, மொத்த விகிதத்தை மட்டும் காட்டுவது. சராசரியாக 200 பேர் வேலை செய்யும் இடத்தில் ஓராண்டில் 30 பேர் விலகினால் விலகல் விகிதம் 15 சதவீதம். சரி, இது நல்லதா கெட்டதா? இந்த ஓர் எண்ணை வைத்துச் சொல்லவே முடியாது. அந்த 30 பேரில் 18 பேர் சேர்ந்த ஆறு மாதத்துக்குள் போயிருந்தால், ஆள் எடுக்கும் முறையையும் புதியவர்களை ஆரம்பத்தில் நடத்தும் விதத்தையும் பார்க்க வேண்டும். பாதிப்பேர் ஒரே மேலாளரிடம் இருந்தவர்கள் என்றால் தேட வேண்டிய இடம் வேறு. ஓய்வுபெற்றவர்களும் இதில் சேர்ந்திருந்தால் கணக்கே மாறிவிடும். யார், எப்போது, ஏன் போனார்கள் என்று பிரிக்காத விகிதத்தை அறிக்கையில் வைக்கவே கூடாது என்பேன்.

காலியிடத்தை நிரப்ப ஆகும் நாட்களை மட்டும் இலக்காக்கினால், கிடைத்தவரை எடுத்துவிடும் பழக்கம் வரும். எடுத்தவர்களில் எத்தனை பேர் ஓராண்டுக்குப் பிறகும் நன்றாக வேலை செய்கிறார்கள் என்பதையும் பக்கத்திலேயே காட்டுங்கள்.

பயிற்சிக்குப் பின் விற்பனை கூடியதும் அதை முழுக்கத் துறையின் கணக்கில் எழுதுவதும் ஆபத்து. விலை குறைந்திருக்கலாம், பண்டிகைக் காலமாக இருந்திருக்கலாம். பயிற்சி பெறாத குழுவோடு ஒப்பிடுங்கள். அதற்கு வழியில்லை என்றால் பயிற்சிக்கும் பங்கு இருக்கலாம் என்று மட்டும் எழுதுங்கள், நம்பிக்கை கூடும்.

அப்புறம், கணக்கிடும் முறையை ஆண்டுக்கு ஆண்டு மாற்றாதீர்கள். ஒருவரை எடுக்க ஆகும் செலவில் இந்த ஆண்டு விளம்பரமும் ஏஜென்சி கட்டணமும் மட்டும், அடுத்த ஆண்டு நேர்காணல் செய்தவர்களின் நேரமும் சேர்த்து என்றால், இரண்டையும் ஒப்பிட வழியே இல்லை. எதைச் சேர்த்தோம் என்பதை எண்ணுக்குக் கீழேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.