டீசல் இருக்கு, ஐஸ் இருக்கு, எந்த வலை?

காசிமேட்டு டீக்கடையில் ஒரு போட்டுத் தொழிலாளி புலம்பிக்கொண்டிருந்தார். "டீசல் புட்ச்சாச்சு, ஐஸ் ஏத்தியாச்சு. மீன் வலையா, எறா வலையான்னு மட்டும் ஓனர் வாயத் தொறக்க மாட்றாரு. இன்னாத்த ஏத்துறது?" டீயை ஆற்றிக்கொண்டிருந்த எனக்கு உடனே ஞாபகம் வந்தது கிங்ஃபிஷர் விமானக் கம்பெனி.

ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் சின்ன வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். மூன்று வேன் ஓட்டுபவரும் விமானக் கம்பெனிக்காரர் செய்த அதே தவறுகளைத்தான் செய்கிறார். நஷ்டத்தில் எத்தனை சைபர் என்பதுதான் வித்தியாசம்.

முதல் தவறு, யாருக்காகக் கடை திறந்தோம் என்பதை மறப்பது. கிங்ஃபிஷர் 2005இல் சொகுசுப் பயணம் என்று சொல்லித்தான் கிளம்பியது. நல்ல சாப்பாடு, சீட்டுக்குச் சீட்டு டிவி. அப்புறம் 2007இல், கேப்டன் கோபிநாத் மலிவு டிக்கெட்டுக்கென்றே தொடங்கிய ஏர் டெக்கானில் பெரிய பங்கை வாங்கினார் கிங்ஃபிஷர் முதலாளி விஜய் மல்லையா. ஐந்து வருடம் உள்நாட்டில் பறந்த கம்பெனிதான் வெளிநாடு போகலாம் என்று அப்போது விதி. டெக்கானுக்கு அந்த வயது 2008இல் வந்துவிட்டது. சீக்கிரம் லண்டன் போகலாம், சரி. ஆனால் கூடவே வந்த மலிவு டிக்கெட் கூட்டத்தை என்ன செய்வது?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் பட்டுப்புடவைக் கடைக்காரர் தன் வாசலிலேயே நூறு ரூபாய் நைட்டியைக் குவித்துப் போட்டால் என்ன ஆகும்? பட்டு வாங்க வந்தவர் பேரம் பேச ஆரம்பிப்பார். நைட்டி வாங்க வந்தவர் ஏசி கதவைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். டெக்கானுக்குக் 'கிங்ஃபிஷர் ரெட்' என்று பெயர் மாற்றி அதைத்தான் செய்தார்கள். டிக்கெட் மலிவு, செலவோ சொகுசு விமானத்துக்கு ஆகிற மாதிரி. ஒரு பக்கம் சின்ன ஊர்களுக்கு ஏடிஆர் என்ற சின்ன விமானம், இன்னொரு பக்கம் ஏ380 என்ற இரண்டு மாடி விமானம் ஐந்துக்கு ஆர்டர். அந்த ஐந்தில் ஒன்றுகூடக் கடைசிவரை வந்து சேரவில்லை. 2011இல் மலிவு சேவையே வேண்டாம் என்று அறிவித்தார்கள். 2012 அக்டோபரில் மொத்தமும் நின்றது. ஒரு வருடம்கூட லாபம் பார்க்காத கம்பெனி அது.

ஜெட் ஏர்வேஸும் 2007இல் ஏர் சகாராவை 1,450 கோடிக்கு வாங்கி, ஜெட்லைட், ஜெட் கனெக்ட் என்று பெயர்களைப் பெருக்கியது. அதே காலத்தில் இண்டிகோ பல வருடம் ஒரே வகை விமானம், ஒரே வகை டிக்கெட் என்று ஓட்டியது. பைலட் பயிற்சி, உதிரி பாகம் எல்லாம் ஒன்றே. பார்க்கச் சலிப்பான வழிதான், கணக்கு எழுதுகிறவனுக்குப் பிடித்த வழியும் அதுதான்.

இரண்டாவது, பழியை வெளியே போடுவது. 2008இல் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 140 டாலரைத் தாண்டியது உண்மை. ஆனால் அந்த விலை எல்லோருக்கும்தானே?

மூன்றாவதுதான் எனக்கு ஆறாதது. ஆட்களுக்கு நிலைமையைச் சொல்லாமல் இருப்பது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில்தான் நிற்கும். ஆனாலும் ஒருவரும் பதறுவதில்லை. தேதி தெரியும், வலை பின்னுவார்கள், பெயிண்ட் அடிப்பார்கள். கோ ஃபர்ஸ்ட் விமானக் கம்பெனி 2023 மே மாதம் நின்றபோது இன்ஜின் கோளாறு காரணம் என்றார்கள், அதில் நியாயமும் இருந்தது. ஆனால் மூன்று நாள் ரத்து என்றவர்கள், பிறகு தேதியைத் தள்ளிக்கொண்டே போனார்கள். விமானம் மறுபடி எழும்பவே இல்லை.

எங்கள் தெருப் பையன் ஒருவன் வேறொரு விமானக் கம்பெனியில் கிரவுண்ட் ஸ்டாஃப். மூன்று மாதம் சம்பளம் இல்லை, கேட்டால் "அடுத்த வாரம்". கம்பெனி நின்றுபோனதை டிவியில் கீழே ஓடிய வரியில்தான் தெரிந்துகொண்டான். மறுநாள் காலை ஷிஃப்டுக்காக அயர்ன் செய்த யூனிஃபார்ம் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. "எடுத்து வைக்கவா?" என்று அவன் அம்மா கேட்டதற்கு, "இருக்கட்டும்மா, கூப்டாலும் கூப்டுவாங்க" என்றான்.