யாழ்ப்பாணத்தில சாப்பிடவும் மேளம் கேக்கவும் பழகிறது எப்பிடி? (புதுசா வாறாக்களுக்கு)

போன வருசம் ஆவணியில கொழும்பில இருந்து மச்சாள் வந்து நிண்டவ. பிறந்தது வளந்தது எல்லாம் வெள்ளவத்தை. போனில பதினெட்டுக் கடைப்பேர் எழுதிக்கொண்டு வந்து, வந்த அண்டைக்கே "நண்டுக்கறி எங்க நல்லம், கூழ் எங்க நல்லம்" எண்டு தொடங்கீட்டா. பெரியம்மா அடுப்படிக்குள்ள இருந்து எட்டிப் பாத்தா பாருங்கோ ஒரு பார்வை! நல்லூர்க் கந்தசாமி கோயிலில கொடியேறி எட்டாம் நாள், சட்டி பானையெல்லாம் மினுக்கிக் கழுவி வைச்சு 25 நாளும் வீட்டில சைவம், உதுக்குள்ள நண்டாம்.

அண்டைக்குத்தான் எனக்கே ஒழுங்கா விளங்கினது, இஞ்ச கடையத் தேட முதல் கலண்டரைப் பாக்கவேணும். நாங்கள் இஞ்சயே இருக்கிறதால உது யோசிக்காமலே நடக்குது, வெளியில இருந்து வாறாக்களுக்கு ஆரும் சொல்லிக் குடுக்கிறேல்ல. அதாலதான் இதை எழுதிறன்.

1. கலண்டரை எடுங்கோ

நாள்காட்டி எண்டு கடையில விப்பினம், கோயில் திருவிழா எல்லாம் அதில கிடக்கும். இஞ்ச கோயில் கொடியேற்றங்கள் பெரும்பாலும் பங்குனியில தொடங்கி ஆவணி மட்டும் மாறி மாறி வரும், பேந்து ஐப்பசி கார்த்திகை மழை. மேளம் (தவிலும் நாதஸ்வரமும்) கேக்கிற ஆசை எண்டால் அந்த ஆறு மாசத்துக்குள்ள வாங்கோ.

சாப்பாடும் அப்பிடித்தான். நுங்கு சித்திரை வைகாசி. கருத்தக்கொழும்பான் மாம்பழம் வைகாசி ஆனி, அதுக்குப் பிறகு வந்து "மாம்பழம் எங்க" எண்டு கேட்டால் நாங்கள் என்ன செய்யிறது. ஆடி முதலாந்தேதி ஆடிக்கூழும் கொழுக்கட்டையும், இந்தக் கூழ் இனிப்பு, பச்சையரிசி மா, பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி போட்டுக் காய்ச்சிறது, கீழ சொல்லப்போற ஒடியல் கூழோட குழப்பாதேங்கோ. ஆடி ஆவணியில பனம்பழம் விழும், பனங்காய்ப் பணியாரம். தை மாசியில பனங்கிழங்கு.

மச்சம் (மீன், இறைச்சி) சாப்பிடிறாக்கள் இன்னொண்டு பாக்கோணும். செவ்வாய் வெள்ளியில கனபேர் வீட்டில மச்சம் காய்ச்சமாட்டினம், நல்லூர் நடக்கேக்க சொல்லவே தேவையில்லை. ஆக, கூழுக்கும் நண்டுக்கும் எண்டால் நல்லூர் முடிஞ்ச பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை.

2. ஒடியல் கூழ் காய்ச்சிப் பாருங்கோ

கடையிலயும் வாங்கலாம், ஆனா கூழ் எண்டது ஒரு கோப்பை வாங்கித் தனிய இருந்து குடிக்கிற சாமான் இல்லை, பெரிய பானையில காய்ச்சி வளவுக்குள்ள சுத்தி இருந்து வேர்க்க வேர்க்கக் குடிக்கிறது, அதால ஆரிட்டயும் ஒரு அடுப்படி கிடைச்சால் காய்ச்சுங்கோ.

முதல் மா. பனை அபிவிருத்திச் சபையின்ர கற்பகம் கடையில கிடைக்கும், சந்தையிலயும் இருக்கு. கேக்கேக்க "ஒடியல் மா" எண்டு வடிவாக் கேளுங்கோ. பனங்கிழங்கைப் பச்சையாக் கிழிச்சுக் காயவைச்சால் ஒடியல், அவிச்சுக் காயவைச்சால் புழுக்கொடியல். புழுக்கொடியல் மா தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் குழைச்சுத் தின்னிறது. நான் முதல் தரம் தனியக் காய்ச்சேக்க மாறி அதை வாங்கிக்கொண்டு வந்து, கிண்டிக் கிண்டிப் பாக்கிறன் கூழாவே வரேல்ல, கடைசியா வந்த சிநேகிதங்களுக்குப் பாணும் சம்பலும் குடுத்து அனுப்பினனான்.

ஆறு பேருக்குக் கால் கிலோ மா காணும். நிறையத் தண்ணி விட்டு ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு, மேல தெளிஞ்ச தண்ணியை ஊத்திப்போட்டு திருப்பியும் தண்ணி விடுங்கோ, காறல் போகோணும். மா ஊற விட்டிட்டு சந்தைக்குப் போகலாம். நண்டு நாலைஞ்சு, றால் கால் கிலோ, கணவாய் கொஞ்சம், ஒரு மீன் தலையும் ரெண்டு துண்டும். விடியவெள்ளன குருநகர் பாசையூர்ப் பக்கம் போனால் வள்ளத்தால இறக்கின மாதிரியே வாங்கலாம், பத்து மணிக்குப் போய் விலை பேசிறதில பிரியோசனம் இல்லை.

பெரிய பானையில தண்ணி கொதிக்கேக்க ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, வெட்டின மரவள்ளிக்கிழங்கு, பயித்தங்காய். பலாக்கொட்டை அரைவாசி அவிஞ்ச பிறகுதான் மீன் தலையும் நண்டும், பேந்து கணவாய், றால். எல்லாத்தையும் ஒண்டாக் கொட்டினால் றால் றப்பர் மாதிரி வரும். செத்தல் மிளகாய் பத்துப் பன்னிரண்டு உப்போட அரைச்சு (அம்மி இருந்தால் அம்மியில), அதையும் ஒரு தேசிக்காய் அளவு பழப்புளியையும் கரைச்சு விடுங்கோ. கடைசியாத்தான் ஊறின மா. அடுப்பைக் குறைச்சு ஒரு கையால விட்டு மற்றக் கையால கிண்டோணும், நிப்பாட்டினால் கட்டி கட்டியாப் போயிரும். அகப்பையால அள்ளி ஊத்தேக்க தண்ணி மாதிரி ஓடவும் கூடாது, களி மாதிரி விழவும் கூடாது. முருங்கையிலை ஒரு பிடி போட்டு இறக்குங்கோ.

குடிக்கிறதுக்குப் பிலாவிலை. இலையின்ர அடிப்பக்கத்தைக் கோலி மடிச்சு ஒரு ஈர்க்குத் துண்டால குத்தினால் கரண்டி மாதிரி வரும். கடிக்கத் தேங்காய்ச் சொட்டு. முதல் வாய்க்கு மூக்கால தண்ணி ஓடும், பயப்பிடாதேங்கோ, ரெண்டாவது இலைக்கு எல்லாரும் கதையை நிப்பாட்டிப் போடுவினம்.

3. நல்லூரில ஒரு பின்னேரம்

கொடியேறி 10 ஆம் நாள் மஞ்சம் (தேர் மாதிரி ஒரு வாகனம்), 24 ஆம் நாள் தேர், 25 ஆம் நாள் தீர்த்தம். தேருக்கு வந்தால் சனத்தைத்தான் பாக்கலாம், மேளம் கேக்க வாறதெண்டால் இடையில ஒரு சாதாரண நாள் பின்னேரம் வாங்கோ. இஞ்ச பூசை சொன்ன நேரத்துக்குச் சொன்ன மாதிரி நடக்கும், மற்ற இடங்களைப் போல அரை மணித்தியாலம் பிந்தலாம் எண்டு நினைச்சால் சாமி உள்ள போயிருக்கும். நாலு மணிக்கே வந்து நில்லுங்கோ.

ஆம்பிளையள் சேட்டைக் கழட்டிப்போட்டுத்தான் உள்ள போகோணும், வேட்டி நல்லம். திருவிழா நாளில வீதியைச் சுத்தி றோட்டுப் பூட்டி மணல் பரவி இருக்கும், செருப்பை வெளியிலயே விடோணும். அர்ச்சனை ரிக்கெற் இண்டைக்கும் ஒரு ரூபாய்தான், சில்லறை கொண்டு வாங்கோ.

பசிச்சால் தண்ணீர்ப்பந்தல்களில மோரும் சக்கரைத்தண்ணியும் சும்மா ஊத்துவினம், மடங்களில மத்தியானம் அன்னதானம். வரிசையில நிண்டு, இருத்தின இடத்தில இருந்து, போட்டதைச் சாப்பிட்டிட்டு வாங்கோ, ஒரு பருப்பும் ஒரு பூசணிக்காயும்தான் இருக்கும், ஆனா அந்த வெய்யிலுக்க நடந்து வந்த பசிக்கு எந்தக் கடையும் கிட்ட நிக்காது எண்டுறது என்ர எண்ணம். இரவில வீதியோரம் கச்சான், சுண்டல், தும்புமுட்டாஸ். ஐஸ்கிறீமுக்குப் பக்கத்திலயே றியோ எண்ட கடை இருக்கு, அதுக்கு நான் வழி சொல்லத் தேவையில்லை, சனமே தள்ளிக்கொண்டு போகும்.

4. தவிலைக் கேக்கப் பழகுங்கோ

கனபேர் இதில பிழை விடுகினம். மேளம் எண்டால் ஒரே சத்தம் எண்டு ஸ்பீக்கருக்குக் கிட்ட நிண்டு காதைப் பொத்திறது. ஸ்பீக்கரை விட்டு விலகி, வாசிக்கிறாக்களில இருந்து ஒரு பத்தடி தள்ளி, தவில்காரரின்ர வலக்கை தெரியிற பக்கமா நில்லுங்கோ. அந்தக் கை விரலெல்லாம் கூடு போட்டிருக்கும், மற்றக் கையில குட்டைத் தடி. தவில் கட்டையும் பலாமரம்தான், கூழுக்கும் அதே மரத்தின்ர இலையும் கொட்டையும்.

சாமி வெளிக்கிடேக்க வாசிக்கிறது மல்லாரி, கம்பீரநாட்டை ராகம், சொல்லு இல்லை, அதால பாட்டுத் தெரியாட்டியும் பரவாயில்லை. முதல் நாள் இதை மட்டும் கேட்டால் காணும்.

அடுத்தது தாளம். பெரும்பாலும் ஆதி தாளம், எட்டு எண்ணிக்கை. தொடையில ஒரு தட்டு, பேந்து சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அதோட நாலு. அதுக்குப் பிறகு ஒரு தட்டு ஒரு திருப்பு, திருப்பி ஒரு தட்டு ஒரு திருப்பு. விட்டுப் போச்சோ, கைத்தாளம் போடுறவரைப் பாத்துத் திருப்பித் தொடங்குங்கோ, அவர்தான் உங்கட வாத்தியார்.

உது பிடிபட்டால் தனி ஆவர்த்தனம் (தவில் மட்டும் வாசிக்கிற இடம்) வேற மாதிரிக் கேக்கும். ரெண்டு தவிலும் ஆளுக்காள் நீளமா வாசிச்சுக் குடுப்பினம், வரவரக் குறைச்சுக் குறைச்சு, கடைசியில ஒராள் ஒரு துண்டு மற்றாள் ஒரு துண்டு, பேந்து ரெண்டு பேரும் சேர்ந்து. ஒரே அடி மூண்டு தரம் வந்தால் முடியப்போகுது எண்டு அர்த்தம். எனக்குப் பக்கத்தில ஒருக்கா ஒரு கிழவர் நிண்டவர், வெத்திலை குதப்பிக்கொண்டு கண்ணை மூடி எண்ணினவர், மூண்டாவது முடியிற இடத்தில சரியாத் தலையை ஒரு வெட்டு வெட்டினார், தவில்காரர் அவரைத்தான் பாத்துச் சிரிச்சவர். நான் அண்டைக்கு ஏழில நிக்கிறன்.

ஊர்க் கோயில்களில தீர்த்தம் முடிஞ்ச இரவு பூங்காவனத் திருவிழாவுக்கு ரெண்டு மூண்டு செற் மேளம் பிடிப்பினம், அதுதான் உண்மையான கச்சேரி. ஆர் வாசிக்கினம் எண்டு நோட்டீஸில இருக்கும். காங்கேசன்துறை றோட்டால வடக்க போனால் இணுவில், அங்கால மல்லாகம் தாண்டினால் அளவெட்டி, தவில் நாதஸ்வரக்காரர் பரம்பரையா இருக்கிற ஊருகள். 1975 இல காலமான தவில் தெட்சணாமூர்த்தி இணுவிலில பிறந்து அளவெட்டியில வாழ்ந்தவர், நாதஸ்வரம் பத்மநாதன் அளவெட்டிக்காரர். வர முதல் ரெண்டு பேரின்ரயும் பழைய பதிவுகளை யூடியூப்பில தேடிக் கேளுங்கோ, சத்தம் கரகரக்கும், பரவாயில்லை.

5. நேரம் மிஞ்சினால்

பெரியகடைப் பக்கம் மலாயன் கபேயில வாழையிலையில ஒரு மத்தியானச் சாப்பாடு. பருத்தித்துறைக்குப் போனால் தட்டை வடை ரெண்டு பை, ஒண்டு பஸ்ஸுக்குள்ளயே முடியும். குருநகர், பாசையூர்ப் பக்கம் கத்தோலிக்கக் கூத்து ஆடுறதெண்டு கேள்விப்பட்டால் விடாதேங்கோ, விடியவிடிய நடக்கும், பாய் ஒண்டும் பிளாஸ்கில தேத்தண்ணியும் கொண்டு போங்கோ.

மேளம் முடிய நடுச்சாமம் தாண்டும், அந்த நேரம் பஸ் இல்லை. ஓட்டோக்காரத் தம்பியிட்ட முதலே சொல்லி வையுங்கோ, இல்லாட்டி சைக்கிளில போங்கோ. கச்சான் கோதை மணலில கொட்டாமல் பையுக்க போடுங்கோ, காலமை அந்த வீதியில உருண்டு பிரதட்டை பண்ணுவினம்.