பழைய ஐஸ் ஹாக்கி நட்சத்திரங்கள்: நாம் தவறாகவே சொல்லிக்கொண்டிருக்கும் சில விஷயங்கள்

பாபி ஓர் காற்றில் பறக்கும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை, ஐஸ் ஹாக்கி பார்த்தே இராதவர்கள்கூட எங்காவது பார்த்திருப்பார்கள். பனித்தளத்துக்கு மேலே கிடைமட்டமாக மிதக்கிறார் மனிதர். கைகள் விரிந்திருக்கின்றன, வாய் திறந்திருக்கிறது. 1970 மே 10, பாஸ்டன். என்எச்எல் எனப்படும் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கின் ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றின் நான்காவது ஆட்டம், கூடுதல் நேரம் தொடங்கி வெறும் 40 விநாடி. இந்தப் படத்துக்குக் கீழே வழக்கமாக எழுதப்படுவது, "பறந்துகொண்டே கோல் அடித்த பாபி ஓர்."

பறந்துகொண்டு அடிக்கவில்லை. டெரெக் சாண்டர்சன் தள்ளிக் கொடுத்த பக்கை, அதாவது அந்த ரப்பர் வட்டை, ஓர் பனியில் சறுக்கியபடியே கோல் கீப்பர் கிளென் ஹாலின் கால்களுக்கு நடுவே தட்டிவிட்டார். அடித்து முடித்த கையோடு செயின்ட் லூயிஸ் அணியின் நோயல் பிக்கார் அவர் காலை வாரிவிட்டார். வட்டு உள்ளே போனது தெரிந்த சந்தோஷத்தில் துள்ளியவரை அந்த வாரல் இன்னும் உயரத்துக்குத் தூக்கிவிட்டது. ஆக, படத்தில் இருப்பது கோல் இல்லை, கொண்டாட்டம்.

சரி, இது சின்னப் பிழைதான். இதே படம் செய்யும் இன்னொரு வேலை எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதைப் பார்ப்பவர்கள் ஓரை ஒரு கோல் வேட்டைக்காரர் என்றே நினைத்துவிடுகிறார்கள். அவர் தடுப்பாட்டக்காரர்! 1969-70 பருவத்தில் 120 புள்ளிகளோடு லீக்கிலேயே முதலிடம், 1974-75இல் மறுபடியும் முதலிடம். அவருக்கு முன்னும் சரி, பின்னும் சரி, எந்தத் தடுப்பாட்டக்காரரும் இதைச் செய்ததில்லை. கிரிக்கெட்டில் ஒரு வேகப்பந்து வீச்சாளர் ஆண்டு முழுக்க ஆடி, அதிக ரன் எடுத்தவர்கள் பட்டியலில் முதலாவதாக வந்தால் எப்படி இருக்கும், அப்படி. முழங்கால் கெட்டுப்போனதால் 657 ஆட்டங்களோடு அவர் கதை முடிந்தது. அதனால் "வாழ்நாள் மொத்தம்" என்ற பட்டியலைத் திறந்து, அதில் ஓர் எங்கே என்று விரல் வைத்துத் தேடுபவர்கள் ஆரம்பத்திலேயே தவறான இடத்தில் தேடுகிறார்கள்.

புள்ளி வேறு, கோல் வேறு

வெய்ன் கிரெட்ஸ்கி 1985-86இல் 215 புள்ளிகள் எடுத்தார். இதை "215 கோல்" என்று எழுதியதை ஒரு முறை இல்லை, பல முறை பார்த்திருக்கிறேன். ஐஸ் ஹாக்கியில் கோல் அடித்தவருக்கு ஒரு புள்ளி. அந்தக் கோலுக்கு முன்னால் வட்டைக் கொடுத்து உதவியவர்களில் அதிகபட்சம் இரண்டு பேருக்குத் தலா ஒரு புள்ளி. இந்த உதவிக்கு அசிஸ்ட் என்று பெயர். அந்த 215இல் கோல் 52தான், மீதி 163 அசிஸ்ட்.

இந்த வித்தியாசம் பிடிபட்டால்தான் கிரெட்ஸ்கி என்ன செய்தார் என்பதே புரியும். அவர் வாழ்நாளில் 894 கோல், 1,963 அசிஸ்ட், மொத்தம் 2,857. புள்ளிப் பட்டியலில் இரண்டாவதாக இருக்கும் யாரோமிர் யாகரின் மொத்தம் 1,921. அதாவது கிரெட்ஸ்கி ஒரு கோல்கூட அடிக்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும் முதலிடம் அவருக்கே. ஆனால் "அதிக கோல் அடித்தவர் கிரெட்ஸ்கி" என்று இனியும் எழுதக் கூடாது. 2025 ஏப்ரலில் அலெக்சாண்டர் ஒவேச்கின் அதைத் தாண்டிவிட்டார்.

எத்தனை ஆட்டத்தில், எந்தக் காலத்தில்?

மொன்ட்ரியல் அணியின் மோரிஸ் ரிஷார் 1944-45இல் 50 கோல் அடித்தார். ஒரே பருவத்தில் ஐம்பதைத் தொட்ட முதல் ஆள். (ஆங்கில எழுத்தைப் பார்த்து "ரிச்சர்ட்" என்று நாம் எழுதுகிறோம். அவர் கியூபெக்கின் பிரெஞ்சுக்காரர், மொன்ட்ரியலில் அந்தப் பெயரை ரிஷார் என்றுதான் கூப்பிடுவார்கள்.) இன்றைக்கு 82 ஆட்டப் பருவத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஐம்பது பெரிதாகத் தெரியாது. அன்றைய பருவமே 50 ஆட்டம்தான். ஆட்டத்துக்கு ஒன்று. போர்க்காலம், நல்ல ஆட்டக்காரர்கள் பலர் ராணுவத்தில் இருந்தார்கள், அதனால் எளிதாகிவிட்டது என்று வாதிடுபவர்கள் உண்டு. கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் போர் முடிந்து எல்லோரும் திரும்பி வந்த பிறகும் அவர் அடித்துக்கொண்டேதான் இருந்தார். 544 கோல்களோடு 1960இல் ஓய்வு பெற்றபோது, ஐந்நூறைத் தாண்டியவர் லீக்கில் அவர் ஒருவர்தான்.

அப்புறம், ஒரு ஆட்டத்தில் சராசரியாக எத்தனை கோல் விழுந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1952-53இல் இரண்டு அணிகளும் சேர்ந்து ஓர் ஆட்டத்துக்கு ஐந்துக்கும் குறைவு. 1981-82இல் எட்டு. அந்த வறட்சிக் காலத்தில் டெட்ராய்ட்டின் கோர்டி ஹோவ் 49 கோல் அடித்தார். கிரெட்ஸ்கி தன் 92 கோலை அடித்தது மழைக்காலத்தில். ஹோவின் 49ஐ அப்படியே எட்டுக் கோல் காலத்துக்கு மாற்றிப் பெருக்கினால் எண்பதைத் தாண்டும். இதை வைத்துக்கொண்டு யாரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள், இது ஒரு கைக்கணக்கு, அவ்வளவுதான். 49க்கும் 92க்கும் நடுவே உள்ள தூரம் கண்ணுக்குத் தெரிவதைவிடக் குறைவு என்பதைப் புரிந்துகொள்ள இது போதும்.

"ஒரிஜினல் சிக்ஸ்" என்ற பெயர்

மொன்ட்ரியல், டொரன்டோ, பாஸ்டன், நியூயார்க், சிகாகோ, டெட்ராய்ட். இந்த ஆறும்தான் லீக்கைத் தொடங்கிய அணிகள் என்று பலர் நம்புகிறார்கள், பெயரும் அப்படித்தான் சொல்கிறது. என்எச்எல் 1917இல் தொடங்கியது. பாஸ்டன் வந்தது 1924இல், நியூயார்க், சிகாகோ, டெட்ராய்ட் மூன்றும் 1926இல். இடையில் எத்தனையோ அணிகள் வந்தன, நொடித்தன. 1942 முதல் 1967 வரை தாக்குப்பிடித்து நின்றவை இந்த ஆறு.

ஆறே அணிகள் என்றால் முதல் கோல் கீப்பர் வேலையும் ஆறே ஆறு. இதை மறந்துவிட்டு அந்தக் காலத்து கோல் கீப்பர்களைப் பற்றிப் பேசவே முடியாது. முகத்தில் வட்டு பட்டால் தையல் போட்டுக்கொண்டு திரும்பி வந்து நிற்பார்கள். வராவிட்டால் அந்த இடத்துக்கு ஆள் காத்திருக்கும். கிளென் ஹால் முகமூடி இல்லாமலே 502 ஆட்டங்கள் தொடர்ந்து ஆடினார். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் வாந்தி எடுத்துவிட்டுத்தான் களத்துக்குப் போவார் என்பது ஊரறிந்த விஷயம். பாபி ஓர் படத்தில் கோல் விட்ட மனிதராக மட்டுமே அவரைத் தெரிந்துவைத்திருப்பது எவ்வளவு அநியாயம்!

முகமூடி போட்ட "முதல்" ஆள்

1959 நவம்பர் 1, நியூயார்க். ஆண்டி பாத்கேட் அடித்த வட்டு மொன்ட்ரியல் கோல் கீப்பர் ஜாக் பிளாந்தின் முகத்தைக் கிழித்தது. தையல் போட்டார்கள். மாற்று கோல் கீப்பர் கிடையாது. பயிற்சியில் போட்டுக்கொள்ளும் முகமூடியோடுதான் திரும்பி வருவேன், இல்லையென்றால் வரமாட்டேன் என்று பிளாந்த் சொல்லிவிட்டார். பயிற்சியாளர் டோ பிளேக்குக்கு அது துளியும் பிடிக்காது, ஆனால் வேறு வழியில்லை. மொன்ட்ரியல் 3-1 என்று ஜெயித்தது.

"முகமூடி அணிந்த முதல் கோல் கீப்பர்" என்று இவரைச் சொல்வது வழக்கம். 1930லேயே கிளின்ட் பெனடிக்ட் தோல் முகமூடி போட்டு ஆடிவிட்டார், சில ஆட்டங்கள்தான். பிளாந்த் செய்தது வேறு. அவர் அதை நிரந்தரமாக்கிவிட்டார். பயந்தாங்கொள்ளி என்று ஏளனம் செய்தவர்கள் இருந்தார்கள், ஆனால் அணி தோற்காமல் போய்க்கொண்டே இருந்தது. ஜெயிக்கிறவன் முகத்திலிருந்து எதைக் கழற்றச் சொல்ல முடியும்?

மொன்ட்ரியல் கலவரத்தை வெறும் ரசிகர் ரகளையாகப் பார்ப்பது

எனக்கு மிகவும் எரிச்சல் தரும் தவறு இது. 1955 மார்ச் 13, பாஸ்டனில் நடந்த ஆட்டம். பாஸ்டன் ஆட்டக்காரர் ஹால் லேகோவின் மட்டை பட்டு ரிஷாரின் தலையில் ரத்தம். ரிஷார் திருப்பி மட்டையால் அடித்தார். பிடித்து நிறுத்த வந்த லைன்ஸ்மேனையும், அதாவது துணை நடுவரையும், குத்திவிட்டார். லீக் தலைவர் கிளாரன்ஸ் கேம்பல், மீதமிருந்த ஆட்டங்களுக்கு மட்டுமல்ல, கோப்பைச் சுற்று முழுவதற்குமே அவரைத் தடை செய்தார்.

மார்ச் 17 அன்று டெட்ராய்ட்டுடன் ஆட்டம், மொன்ட்ரியல் ஃபோரம் அரங்கில். வராதீர்கள் என்று சொல்லியும் கேம்பல் வந்து உட்கார்ந்தார். முட்டையும் தக்காளியும் பறந்தன. கண்ணீர்ப் புகைக் குண்டு ஒன்று வெடித்தது. முதல் பகுதியோடு ஆட்டம் நிறுத்தப்பட்டு வெற்றி டெட்ராய்ட்டுக்குக் கொடுக்கப்பட்டது. கூட்டம் தெருவுக்கு வந்தது, சான்ட் கேத்தரின் தெருவில் கடைக் கண்ணாடிகள் நொறுங்கின. மறுநாள் ரிஷாரே வானொலியில் பேசி அமைதியாக இருக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

பெரும்பான்மையினர் பிரெஞ்சு பேசும் ஊரில் முதலாளியும் மேலதிகாரியும் ஆங்கிலம் பேசுபவர்கள். லீக் தலைவரும் அப்படியே. அந்த ஊரின் தொழிலாளிகள் தங்களில் ஒருவன் என்று நினைத்த ஆளை, அந்த மேலதிகாரி உட்கார வைத்துவிட்டார். கோபம் எங்கிருந்து வந்தது என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதற்காக மறுபக்கம் சாய்ந்து "ஒரு பிரெஞ்சுக்காரனை வேண்டுமென்றே பழிவாங்கினார்கள்" என்று ஒற்றை வரியில் முடிப்பதும் சரியில்லை. ரிஷார் ஆட்ட நடுவர்களில் ஒருவரை அடித்தார், அந்தப் பருவத்தில் அது இரண்டாவது முறை.

இதில் பாவம் பெர்னி ஜெஃப்ரியோன். ரிஷார் வெளியே உட்கார்ந்திருந்தபோது, அதே அணியின் ஜெஃப்ரியோன் 75 புள்ளி எடுத்து, ரிஷாரின் 74ஐத் தாண்டிவிட்டார். சொந்த ஊர் ரசிகர்களே அவரைப் பார்த்து ஊளையிட்டார்கள். ஒரு பருவத்தின் அதிகப் புள்ளிக்கான விருது ரிஷாருக்குக் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

ஹோவின் பெயரில் ஒரு ஹாட்ரிக்

ஒரே ஆட்டத்தில் ஒரு கோல், ஒரு அசிஸ்ட், ஒரு சண்டை. இதற்கு "கோர்டி ஹோவ் ஹாட்ரிக்" என்று பெயர். பெயரைக் கேட்டால் மனிதர் வாரம் ஒன்று எடுத்திருப்பார் போலத் தோன்றும். என்எச்எல்லில் அவருடைய கணக்கில் இருப்பது இரண்டே இரண்டு. 1959இல் லூ ஃபொன்டினாட்டோ என்ற பெரிய சண்டைக்காரரின் மூக்கை உடைத்த பிறகு, ஹோவோடு மோத யாருக்குத்தான் தைரியம் வரும்? 1979-80இல், ஐம்பத்தொரு வயதில், 80 ஆட்டங்களும் ஆடி 15 கோல் அடித்தார். என்னைக் கேட்டால் அவர் பெயரை அதற்கு வைத்திருக்கலாம்.

பில் பரில்கோவும் கோப்பையும்

1951 ஏப்ரலில் டொரன்டோவுக்குக் கூடுதல் நேரத்தில் கோல் அடித்துக் கோப்பை வாங்கித் தந்தவர் பரில்கோ. அந்தக் கோடையில் மீன் பிடிக்கப் போன சிறு விமானத்தோடு காணாமல் போனார். "அவர் உடல் கிடைக்கும்வரை டொரன்டோ கோப்பையே வெல்லவில்லை" என்று சாபக் கதைபோலச் சொல்வார்கள். வரிசை தலைகீழ். டொரன்டோ மறுபடி வென்றது 1962 ஏப்ரலில், விமானம் கிடைத்தது ஜூனில். சாபம் என்று ஒன்று வேண்டுமென்றால் 1967க்குப் பிறகு தேடலாம். எண்பதுகளில் அந்த ஊருக்குக் குடிபோன ஈழத் தமிழர்கள் யாரும் இன்றுவரை உள்ளூர் அணி கோப்பை தூக்கிப் பார்த்ததில்லை.

வட அமெரிக்கா மட்டுமே உலகம் என்று நினைப்பது

சோவியத் கோல் கீப்பர் விளாடிஸ்லாவ் ட்ரெட்யாக் என்எச்எல்லில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அதனால் பட்டியல் போடுபவர்கள் அவரை எளிதாக விட்டுவிடுகிறார்கள். டொரன்டோவில் உள்ள ஹாக்கி புகழ் மண்டபம் விடவில்லை, 1989லேயே சேர்த்துக்கொண்டது.

இந்தத் தவறைக் கனடாக்காரர்களே முதலில் செய்தார்கள். 1972இல் சோவியத் அணியோடு எட்டு ஆட்டத் தொடர். எட்டையும் ஜெயிப்போம் என்றே அங்கே பேச்சு. உளவு பார்க்க ரஷ்யா போன கனடாக்காரர்கள் இருபது வயது ட்ரெட்யாக்கை ஓர் ஆட்டத்தில் பார்த்தார்கள். பையன் கோலுக்கு மேல் கோல் விட்டுக்கொண்டிருந்தான். கீப்பர் சுமார்தான் என்று எழுதிக்கொண்டு திரும்பினார்கள். மறுநாள் அவனுக்குக் கல்யாணம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

செப்டம்பர் 2, முதல் ஆட்டம், அதே மொன்ட்ரியல் ஃபோரம். ஆட்டத்துக்கு முன்னால் சோவியத் அணியின் உடைமாற்றும் அறைக்கு ஒரு பெரியவர் வந்தார். ஜாக் பிளாந்த். கனடாவின் பெரிய அடிகாரர்களிடம் இந்தப் பையன் மாட்டிக்கொள்ளப் போகிறானே என்ற இரக்கம் போலிருக்கிறது. மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யார் எப்படி அடிப்பார்கள், எங்கே நிற்க வேண்டும் என்று வரைந்து காட்டிச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். ஆட்டம் தொடங்கி ஏழு நிமிடம் ஆவதற்குள் கனடா இரண்டு கோல் போட்டுவிட்டது. முடிந்தபோது சோவியத் 7, கனடா 3.