அமெரிக்க ஃபுட்பால்: பந்தைப் பார்ப்பதா, காலைப் பார்ப்பதா?

அமெரிக்க ஃபுட்பாலைப் புதிதாகப் பார்க்க உட்காருகிறவர்கள், "ஒன்றுமே புரியவில்லை" என்று பாதியில் எழுந்து போனால் எனக்கு மனசு கேட்பதில்லை. விதிகள் அப்படி ஒன்றும் சிடுக்கானவை அல்ல. எதைப் பார்க்க வேண்டுமோ அதை விட்டுவிட்டு வேறு எங்கோ பார்க்கிறோம், அவ்வளவுதான்.

பெரிய தவறு, பந்து கைக்கு வந்ததுமே கேட்ச் என்று துள்ளுவது. 2015 ஜனவரி 11, கிரீன் பே மைதானம், டல்லாஸ் அணியோடு என்.எஃப்.எல். (அமெரிக்கத் தொழில்முறை லீக்) ஆட்டம். நான்காவது டவுன், அதாவது முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் கடைசி. டல்லாஸுக்குத் தேவை 2 யார்டு. டோனி ரோமோ நீளமாக வீசிய பந்தை டெஸ் பிரையன்ட், தடுப்பவரின் தலைக்கு மேல் எழும்பிப் பிடித்தார். தடுமாறி விழுந்துகொண்டே கோல் கோட்டை நோக்கிக் கையை நீட்டினார். தரையில் மோதிய பந்து கையை விட்டுத் துள்ளியது. முதலில் கேட்ச் என்ற நடுவர்கள் வீடியோவைப் பார்த்து மாற்றிச் சொன்னார்கள். டல்லாஸ் 26-21 என்று தோற்றது.

விழுகிறவர் தரையில் மோதிய பிறகும் பந்தை நழுவ விடக்கூடாது என்பது அன்றைய விதி. 2018-இல் அதை எடுத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், எப்போதோ எடுத்திருக்க வேண்டியது. இப்போது பந்து பிடிக்குள் இருக்க வேண்டும். இரண்டு பாதமோ, முழங்கால் மாதிரி வேறு உறுப்போ எல்லைக்குள் பட வேண்டும். அப்புறம் இன்னோர் அடி வைப்பது, பந்தை நீட்டுவது என்று ஏதாவது செய்ய வேண்டும், அல்லது செய்வதற்கான நேரமாவது இருந்திருக்க வேண்டும்.

அடுத்த குழப்பம் கோடுகள். கோல் கோட்டில் பந்தைப் பாருங்கள். ஓடுபவரின் உடல் முழுக்க வெளியே இருந்தாலும், கையிலுள்ள பந்தின் நுனி கோட்டுக்கு மேலுள்ள காற்றைத் தொட்டால் போதும், டச்டவுன், புள்ளி கிடைத்துவிடும். பக்கக் கோட்டில் காலைப் பாருங்கள். பந்து கோட்டுக்கு வெளியே நீண்டிருக்கலாம். கால் விரல் கோட்டில் பட்டால் ஆட்டம் நின்றுவிடும்.

இந்த நீட்டல் ஆசையில்தான் கொடுமையான விதி ஒன்று காத்திருக்கிறது. கோல் கோட்டுக்கு ஒரு யார்டு தூரத்தில் நழுவிய பந்து பக்கக் கோட்டைத் தாண்டினால் அதே அணிக்கே திரும்பக் கிடைக்கும். அதுவே கோல் கோட்டுக்கு அப்பாலுள்ள எண்ட் சோனுக்குள் உருண்டு வெளியே போனால், பந்து எதிரணிக்கு, அதுவும் 20 யார்டு கோட்டில். ஒரு சாண் வித்தியாசத்தில் எல்லாம் போய்விடும்.

விதிமீறலைக் காட்ட நடுவர் வீசும் மஞ்சள் துணி விழுந்ததும் ஆட்டம் முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். பெரும்பாலும் ஆட்டம் தொடரும். தடுக்கும் அணி ஆஃப்சைடு (பந்து நகரும் முன்பே கோட்டைத் தாண்டிவிட்டது) என்றால் வீசுபவர் துணிந்து தூரமாக வீசுவார். பலித்தால் லாபம், பலிக்காவிட்டால் 5 யார்டு எப்படியும் உண்டு. பின்பக்கமாகவோ நேர்ப் பக்கவாட்டிலோ வீசிய பந்தும் அப்படித்தான், தரையில் விழுந்தாலும் உயிரோடு இருக்கும். யார் எடுத்தாலும் ஓடலாம்.

சனிக்கிழமைக் கல்லூரி ஆட்டத்தையும் ஞாயிற்றுக்கிழமை என்.எஃப்.எல். ஆட்டத்தையும் ஒரே விதியால் அளக்காதீர்கள். கல்லூரியில் எல்லைக்குள் ஒரு பாதம் போதும். அங்கே ஓடுபவர் தானே வழுக்கி முழங்கால் தரையில் பட்டால் விசில் ஊதிவிடும். என்.எஃப்.எல்.லில் எதிரணி தொடாத வரை அவர் எழுந்து மறுபடி ஓடலாம்.