முதல் ஏர் ரைஃபிள்: ஸ்பிரிங் வாங்குவதா, பி.சி.பி. வாங்குவதா?

கிருஷ்ணகிரி, ஓசூர், தர்மபுரி பக்கம் ஏர் ரைஃபிள் விசாரிக்கிறவர்களில் இரண்டு தரப்பு உண்டு. என்.சி.சி.யிலோ பள்ளியிலோ ஒருமுறை சுட்டுப் பார்த்துவிட்டு, போட்டிக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகளின் வீடு ஒன்று. மாந்தோப்புக்கு வரும் குரங்கையும் மயிலையும் விரட்ட ஒரு கன் இருந்தால் தேவலை என்று நினைக்கும் வீடு இன்னொன்று. இந்த விளக்கம் முதல் தரப்புக்கு. இரண்டாவது தரப்புக்கு நான் சொல்வது, தயவுசெய்து வாங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மயிலைச் சுடுவது சிறைக்குப் போகும் குற்றம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கத்துக் காடுகளில் பெரும்பகுதி காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்துக்குள் வருகிறது. அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவதே தப்பு.

படி 1: சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

சினிமாவிலும் வீடியோ கேமிலும் வரும் ஏ.ஆர்., ஏ.கே. மாதிரியான செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களை நம் நாட்டில் பொதுமக்கள் வாங்க முடியாது. அவை தடை செய்யப்பட்ட வகை. ஏர் ரைஃபிளுக்கு 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் ஒரு கோடு போட்டிருக்கின்றன: குழலின் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேலும், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேலும் போகாத வரை லைசென்ஸ் தேவையில்லை. 5.5 மில்லிமீட்டர் மாடலைக் கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் அதன் பக்கம் போகாதீர்கள். போட்டிக்கு வேண்டியதும் 4.5 மில்லிமீட்டர்தான். பில்லைப் பத்திரமாக வையுங்கள், ரைஃபிளை வெளியே கொண்டுபோகும்போது பில்லின் நகல் கூடவே இருக்கட்டும்.

படி 2: இரண்டும் எப்படி வேலை செய்கின்றன?

ஸ்பிரிங் ரைஃபிளில் பேரலை, அதாவது குழலை, மடக்கியோ, பக்கவாட்டு லீவரை இழுத்தோ உள்ளே இருக்கும் கனமான ஸ்பிரிங்கை அழுத்தி வைக்கிறோம். டிரிகரை இழுத்ததும் ஸ்பிரிங் விடுபட்டு பிஸ்டனை முன்னே தள்ளும். சைக்கிள் பம்பை ஒரே அழுத்தாக அழுத்துவது போல, அந்த நொடியில் இறுகும் காற்றுதான் பெல்லட்டை, அதாவது சின்ன ஈயக் குண்டை, தள்ளுகிறது. பிரச்சினையும் அங்கேதான். பெல்லட் இன்னும் பேரலுக்குள் இருக்கும்போதே துப்பாக்கி பின்னால் உதைத்து, பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னாலும் குலுங்கும். அதனால் பிடிக்கும் விதம் கொஞ்சம் மாறினாலும் பெல்லட் விழும் இடம் மாறிவிடும்.

பி.சி.பி. (பிரீ-சார்ஜ்டு நியூமேட்டிக்) வகையில் காற்று முன்கூட்டியே சிலிண்டரில் அடைக்கப்பட்டிருக்கும். போட்டி ரைஃபிள்களில் இது 200 பார் அழுத்தம். டிரிகரை இழுத்தால் ஒரு வால்வு கண நேரம் திறந்து மூடும், அவ்வளவுதான். உதைப்பு கிட்டத்தட்ட இல்லை. இன்று 10 மீட்டர் போட்டியில் மேல்மட்டத்தில் பார்க்கிற ஃபைன்வெர்க்பாவ், வால்தர், ஆன்ஷுட்ஸ் கம்பெனி ரைஃபிள்கள் எல்லாமே இந்த வகைதான். ஃபைன்வெர்க்பாவ் 300 என்ற பழைய ஸ்பிரிங் மாடலில், சுடும்போது மேற்பகுதி முழுவதும் தண்டவாளம் போன்ற அமைப்பில் பின்னுக்கு நழுவி உதைப்பை விழுங்கிவிடும். அப்படி ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், ஆனால் கிடைப்பது அரிது.

படி 3: காற்று எங்கே நிரப்புவீர்கள்?

நம் ஊரில் இந்த ஒரு கேள்விதான் முடிவைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கருத்து. விலையும் பிராண்டும் அப்புறம்தான்.

பி.சி.பி. வாங்கியவர்கள் முதலில் போய் நிற்பது பஞ்சர் கடையில். அங்கே இருக்கும் கம்ப்ரஸர் 10 பார் பக்கம்தான் கொடுக்கும், நமக்கு வேண்டியது 200. அடுத்து யாராவது ஒருவர் வெல்டிங் பட்டறை ஆக்சிஜன் சிலிண்டரைக் காட்டுவார். ஓசூர் மாதிரி பட்டறைகள் நிறைந்த ஊரில் இந்த யோசனை சுலபமாக வரும். ஒருபோதும் செய்யாதீர்கள். அழுத்தமான ஆக்சிஜன், ரப்பர் வாஷரிலோ வால்விலோ இருக்கும் துளி எண்ணெயோடு சேர்ந்தால் தீப்பிடித்து வெடிக்கும். சிலிண்டருக்குள் போக வேண்டியது உலர்ந்த சாதாரணக் காற்று மட்டும்.

மிச்சமிருக்கும் வழிகள் மூன்று. ஒன்று, பி.சி.பி.க்கென்று விற்கும் கைப் பம்ப். 150 பாரைத் தாண்டியதும் உடம்பு எடை முழுவதையும் போட்டு அழுத்த வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையால் முடியாது, அப்பாவோ அண்ணனோ அடித்துத் தர வேண்டும். பம்ப் சூடானால் நிறுத்தி ஆறவிட்டு, ஈரத்தை வெளியேற்றிவிட்டுத் தொடருங்கள். இரண்டு, கடலில் மூழ்குபவர்கள் பயன்படுத்தும் பெரிய சிலிண்டர். அதை நிரப்ப உயர் அழுத்தக் கம்ப்ரஸர் உள்ள இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மூன்று, நீங்கள் சேர்ந்திருக்கும் ரேஞ்சிலேயே, அதாவது துப்பாக்கி சுடும் பயிற்சி இடத்திலேயே, நிரப்பிக்கொள்வது. இதுதான் உத்தமம். ஓசூர்க்காரர்கள் பெங்களூருவிலும், தர்மபுரிக்காரர்கள் சேலம் பக்கத்திலும் ரேஞ்சு விசாரிக்கலாம். வாரம் ஒருமுறையாவது ரேஞ்சுக்குப் போக வழி இருந்தால் பி.சி.பி. வாங்குங்கள். வழி இல்லை, வீட்டில்தான் பயிற்சி என்றால் ஸ்பிரிங் போதும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காற்று நிரம்பிய சிலிண்டரைச் சித்திரை, வைகாசி வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். சிலிண்டரில் தயாரிப்புத் தேதி பொறித்திருக்கும். பழைய ரைஃபிள் வாங்குகிறீர்கள் என்றால் முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள். ஜெர்மன் கம்பெனிகள் பொதுவாகச் சிலிண்டருக்கு 10 ஆண்டு கெடு வைக்கின்றன. கெடு தாண்டியதைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள்.

படி 4: எந்தப் பிரிவில் சுடப்போகிறீர்கள்?

நம் நாட்டுப் போட்டிகளில் ஓபன் சைட், பீப் சைட் என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. ஓபன் சைட் என்பது பின்னால் ஒரு பள்ளம், முன்னால் ஒரு முனை, இரண்டையும் சேர்த்துக் குறி பார்ப்பது. இந்தப் பிரிவில் தொடங்க நல்ல ஸ்பிரிங் ரைஃபிள் போதும். பீப் சைட்டில் கண்ணருகே இருக்கும் சின்னத் துளை வழியாகப் பார்க்கிறோம். 2008-இல் அபினவ் பிந்த்ரா பெய்ஜிங்கில் தங்கம் வாங்கியதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியதும் பீப் சைட் வைத்துச் சுடும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான். அந்த இலக்கில் பத்தாவது வளையம் என்பது வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி. பிள்ளையின் குறி அதுதான் என்றால் இடையில் ஒரு ஸ்பிரிங் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். ரேஞ்சின் பி.சி.பி.யில் சில மாதம் சுடட்டும், ஆர்வம் நிலைக்கிறதா பார்த்துவிட்டுச் சொந்தமாக வாங்குங்கள். இறக்குமதி ரைஃபிள் லட்சக்கணக்கில் போகும்.

படி 5: கடையில் செய்ய வேண்டியவை

முதலில் எந்தக் கண் ஆள்கிறது என்று பாருங்கள். இரண்டு கண்ணையும் திறந்தபடி தூரத்துச் சுவிட்சை விரலால் சுட்டுங்கள். ஒரு கண்ணை மூடும்போது விரல் விலகாமல் இருந்தால், திறந்திருக்கும் கண்தான் ஆளும் கண். இடக்கண் ஆளும் பிள்ளைக்கு வலக்கை ஸ்டாக்கை (தோளில் வைக்கும் கட்டைப் பகுதி) வாங்கிக் கொடுத்தால் கழுத்தை வளைத்தே பழகிவிடும்.

அப்புறம் ஸ்டாக்கைத் தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்துக் கண்ணை மூடுங்கள். கண்ணைத் திறந்ததும் சைட் நேராகத் தெரிந்தால் அளவு சரி. தலையைத் தூக்கியோ இறக்கியோ தேட வேண்டியிருந்தால் அது உங்களுக்கான துப்பாக்கி அல்ல. முழு அளவுப் போட்டி ரைஃபிள் நான்கு கிலோவுக்கு மேல் கனக்கும், சின்னப் பிள்ளைகளுக்கு ஜூனியர் மாடல் கேளுங்கள்.

சுட்டுப் பார்க்க இடம் தந்தால், 10 மீட்டரில் மேஜையில் தாங்கி வைத்து ஐந்து பெல்லட் சுடுங்கள். மையத்தில் விழுகிறதா என்பது முக்கியமில்லை, அதைச் சைட்டைத் திருகிச் சரிசெய்யலாம். ஐந்தும் நெருங்கி விழுகின்றனவா என்று மட்டும் பாருங்கள். அட்டை இலக்குக்குத் தட்டைத் தலை பெல்லட்தான் சரி, ஓட்டை சுத்தமாக விழும்.

படி 6: வீட்டில் முதல் நாள்

ஸ்பிரிங் ரைஃபிளை பெல்லட் போடாமல் சுடவே கூடாது. தடுக்கக் காற்று இல்லாமல் பிஸ்டன் நேராகப் போய் இடித்து உள்பாகம் கெடும். பெல்லட் போடும்போது ஒரு கையால் பேரலையோ லீவரையோ கெட்டியாகப் பிடித்திருங்கள். கொக்கி நழுவினால் விரல் நசுங்கிவிடும். தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் எதையும் உள்ளே விடாதீர்கள்.

இலக்குக்குப் பின்னால் பழைய துணி திணித்த கனமான பெட்டி வையுங்கள். நம் மாவட்டத்தில் சுற்றுச்சுவருக்குப் பதில் கல் பலகை நிற்கும் வீடுகள் நிறைய. கிரானைட்டில் பட்ட பெல்லட் சுட்டவர் முகத்துக்கே திரும்பி வரும், ஆகவே கல்லை நோக்கிச் சுடாதீர்கள், பாதுகாப்புக் கண்ணாடி போடாமலும் சுடாதீர்கள். மொட்டை மாடியும் வேண்டாம், தவறிய பெல்லட் பல வீடு தாண்டிப் போகும். யாரும் குறுக்கே வர முடியாத நீள வராந்தா இருந்தால் நல்லது. பெல்லட் ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்கார வேண்டும். ரைஃபிள் பூட்டிய அலமாரிக்குள் போகட்டும், சாவி பெரியவர்களிடம் இருக்கட்டும்.