ஸ்டார் கட்டாத வீட்டில் கிறிஸ்துமஸ்: துக்க வருஷத்தில் விசுவாசத்தைப் பிடித்துக்கொள்வது எப்படி

நவம்பர் கடைசியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்க ஆரம்பித்துவிடும். ஒரு வீட்டில் மட்டும் தொங்கவில்லை என்றால் யாரும் காரணம் கேட்பதில்லை, அந்த வருஷம் அங்கே ஒரு சாவு நடந்திருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். அந்த வீட்டில் பலகாரமும் சுட மாட்டார்கள். முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து தூக்குவாளியில் வரும். அப்பா இறந்த வருஷம் எங்கள் வீடு அப்படி ஆனது. ஒவ்வொரு வருஷமும் அவர் கையால் மூங்கில் சீவிக் கட்டும் ஸ்டாரின் கூடு பரணில் அப்படியே கிடந்தது, அதைப் பார்க்கக்கூடாது என்று அம்மா பரண் பக்கமே போகவில்லை.

இதை அப்படிப்பட்ட வீட்டில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். சாவு மட்டுமில்லை. வேலை போய் மூன்று மாதமாக வீட்டில் சொல்லாமல் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போகிறவர்கள், கடன் கொடுத்தவர் போன் வந்தால் எடுக்கப் பயப்படுகிறவர்கள், டிசம்பர் முழுவதும் ஆஸ்பத்திரி வராண்டாவில் பாய் விரித்துப் படுத்திருக்கிறவர்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான். சந்தோஷமாக இருங்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனசு வராது. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: கிறிஸ்துமஸுக்கு முன்னால் சந்தோஷத்தைத் தயார் செய்து வைக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை, இருக்கிற மனசோடு அப்படியே போகலாம். எப்படிப் போவது என்பதில் எங்களுக்கு எது கைகொடுத்ததோ அதைச் சொல்கிறேன்.

முதலில், ஜெபத்தில் நடிப்பதை விட்டுவிடுங்கள். உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும்போது ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தால் கொஞ்ச நாளில் ஜெபமே கசந்துவிடும், எனக்குக் கசந்தது. சங்கீதப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையிடுகிற சங்கீதங்கள்தான். 13-ஆம் சங்கீதம் ஆறே வசனம், அது இப்படித் தொடங்குகிறது: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" இதைவிடக் கோபமாக நாம் என்ன கேட்டுவிடப் போகிறோம்? 88-ஆம் சங்கீதம் இன்னும் ஒரு படி மேலே, கடைசி வரி வரைக்கும் இருட்டுதான், ஆறுதலாக ஒரு வார்த்தைகூட இல்லாமல் முடிந்துவிடுகிறது. அப்படி ஒரு பாட்டை வேதத்திலிருந்து யாரும் எடுத்துப் போடவில்லை, இத்தனை நூற்றாண்டாகச் சபை அதையும் சேர்த்தே வாசித்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் கத்தோலிக்கராக இருந்தால் திருப்பாடல்களில் இதே எண்களைப் பாருங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ராத்திரி படுக்கப் போகும் முன் 13-ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள், மனசுக்குள் வாசித்தால் போதாது. "எதுவரைக்கும்" என்று வரும் இடங்களில் நிறுத்தி, உங்கள் வீட்டுக் காரியத்தைப் பெயர் சொல்லி அதே மூச்சில் கேளுங்கள். எதுவரைக்கும் இந்த வட்டி, எதுவரைக்கும் இந்த கீமோ, எதுவரைக்கும் என் மகன் போன் பண்ணாமல் இருப்பான். அம்மா முதல் வாரம் கடைசி இரண்டு வசனங்களை வாசிக்கவே இல்லை. "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்ற அந்த வரி வரும்போது வேதத்தை மூடிவிடுவாள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. மூன்றாவது வாரமோ என்னவோ, ஒரு நாள் அந்த வரியையும் சேர்த்து வாசித்துவிட்டு, தலையணையைத் திருப்பிப் போட்டுப் படுத்தாள்.

ஜெபிக்கவே முடியவில்லை என்றால்? அதுவும் நடக்கும். பிள்ளைக்கு நோய் தீர வேண்டும் என்று வந்த ஒரு தகப்பன் இயேசுவிடம் சொன்னதை மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் பாருங்கள்: விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்க உதவி செய்யும். பாதி விசுவாசமும் பாதி சந்தேகமுமாக வந்த மனுஷன், அவன் பிள்ளை சுகமாகித்தான் வீட்டுக்குப் போனான். அந்த ஒரு வாக்கியம் போதும், பஸ்ஸில் நின்றுகொண்டே சொல்லலாம். அதுவும் வரவில்லையா, உங்களுக்காக ஜெபிக்க ஒரே ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். "ஜெபத்துல நெனச்சுக்கோங்க" என்று பொதுவாகச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள், அத்தோடு சரி. "செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஸ்கேன் ரிசல்ட் வருது அக்கா, அந்த நேரத்துல ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லிப் பாருங்கள், அவர் மறக்க மாட்டார், பத்தரைக்குப் போனும் பண்ணுவார்.

அப்புறம் உடம்பு. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து போதும் ஆண்டவரே, நான் செத்துப் போகிறேன் என்று சொன்னபோது, தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு செம்பு தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார், தூதன் மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தேவன் மெல்லிய சத்தத்தில் அவரோடு பேசியதெல்லாம் அதற்கப்புறம்தான். ஆகவே நேரத்துக்குச் சாப்பிடுங்கள், தூங்குங்கள், பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்தால் தேவலை என்று தோன்றுகிறது என்றால் டாக்டரைப் பாருங்கள், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டே ஜெபிக்கிறோம், இதுவும் அதுபோலத்தான்.

இன்னொரு விஷயத்தில் கண்டிப்பாகவே இருங்கள். கஷ்டத்தில் இருக்கிற வீட்டை மோப்பம் பிடித்து வருகிறவர்கள் உண்டு. இத்தனை ரூபாய் காணிக்கை அனுப்பினால் டிசம்பர் முடிவதற்குள் கடன் தீரும், உங்கள் வீட்டில் ஏதோ பாவம் இருக்கிறது அதனால்தான் சாவு வந்தது என்றெல்லாம் சொல்வார்கள். கடன் வாங்கிக் காணிக்கை அனுப்பாதீர்கள். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் வந்து ஏழு நாள் ராப்பகலாகத் தரையில் அவனோடு ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரைக்கும் நல்ல சிநேகிதர்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது. அழக்கூடாது, விசுவாசிகள் அழலாமா என்று கேட்கிறவர்களுக்கு யோவான் 11-இல் இருக்கும் அந்தச் சின்ன வசனமே போதும், இயேசு கண்ணீர் விட்டார். இறந்துபோன லாசருவை இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் அழுதார்.

சரி, கிறிஸ்துமஸுக்கு வருவோம்.

லூக்கா சுவிசேஷத்தில் 24 அதிகாரம். டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கி நாளுக்கு ஒன்று வாசித்தால் 24-ஆம் தேதி சாயங்காலம் முடியும். இதை ஒரு அத்தைதான் எங்களுக்குச் சொன்னார், முதலில் பெரிய ஆர்வம் ஒன்றும் இல்லை, ஆனால் செய்யத் தொடங்கிய பிறகு ஒரு விஷயம் உறைத்தது. பிறப்பின் கதை வாழ்த்து அட்டையில் இருப்பது மாதிரி இல்லை. பிள்ளை இல்லாமல் கிழவர்களாகிப் போன ஒரு தம்பதியில் தொடங்குகிறது. குடிமதிப்பு எழுத வேண்டும் என்று ரோமராயன் போட்ட கட்டளைக்காக நிறைமாதக் கர்ப்பிணி நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் போகிறாள், சத்திரத்தில் இடமில்லை. நாற்பது நாள் குழந்தையை ஆலயத்துக்குத் தூக்கிப் போனால் சிமியோன் என்ற பெரியவர் ஆசீர்வதித்த கையோடு, உன் ஆத்துமாவையும் ஒரு பட்டயம் உருவிப்போகும் என்று தாயிடம் சொல்கிறார். மத்தேயு 2-ஐயும் சேர்த்து வாசியுங்கள்: ஏரோது, ராத்திரியோடு ராத்திரியாக எகிப்துக்கு ஓட்டம், பெத்லகேமில் கொல்லப்பட்ட குழந்தைகள், பிள்ளைகளை இழந்து ஆறுதலடைய மனமில்லாமல் அழுகிற ராகேல். அந்தக் குழந்தைகளை நினைவுகூரும் நாளாகச் சபை வைத்திருப்பது டிசம்பர் 28, பண்டிகை முடிந்து மூன்றே நாள். துக்க வீட்டுக்கு இந்தக் கதையில் ஆரம்பத்திலிருந்தே இடம் இருந்திருக்கிறது, ஸ்டார் வெளிச்சத்தில் நாம்தான் அதைக் கவனிக்காமல் விட்டோம்.

எங்கள் குமரி மாவட்டக் கடற்கரைக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, கிறிஸ்துமஸ் குடில்கூடக் கலைக்காத வீடுகளுக்குள் கடல் வந்தது. குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் இன்றைக்கும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்றால் கல்லறைக்குப் போகிற நாள், பூவும் மெழுகுவர்த்தியும் வாங்குகிற நாள். அப்புறம் 2017. நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து ஆட்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். அந்த வருஷம் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு டிசம்பர் 3, அதாவது புயல் அடித்து மூன்றாம் நாள். வருகைக் காலம் என்றாலே காத்திருப்புக் காலம், நான்கு ஞாயிறு, வாரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி கூடும். கடலுக்குப் போனவர் வருவாரா என்று தெரியாமல் கரையில் காத்திருந்த வீட்டுக்காரிகளுக்கு அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் இருந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். சிலர் வந்தார்கள், பலர் வரவில்லை. அந்த ஊர்களில் கோயில் மணி நின்றுவிடவில்லை. உங்கள் வீட்டிலும் அந்த மெழுகுவர்த்திகளை வையுங்கள், ஸ்டார் கட்ட மனசு வராவிட்டாலும் இதற்கு மனசு வரும், ஞாயிறு ராத்திரி கரண்ட் விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிஷம் அதன் முன்னால் உட்காருங்கள். எதுவும் சொல்ல வேண்டாம்.

கேரல் ரவுண்ட்ஸ் வருகிற ராத்திரியைப் பற்றியும் முன்கூட்டியே யோசித்துவிடுங்கள். துக்க வீடு என்று தெரிந்தால் பாடகர் குழுவே தயங்கித் தாண்டிப் போய்விடும், கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அந்தப் பாட்டுச் சத்தம் நம் வீட்டைக் கடந்து போவதைக் கேட்பது பெரிய வேதனை. எங்களுக்கு அது நடக்கவிருந்தது, ஆனால் அம்மா குழுத் தலைவரை முந்தின நாளே கூப்பிட்டு, "தம்பி, வாங்க, ஆனா மேளம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். ராத்திரி பதினொன்றரை இருக்கும். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்ட பையன் முகமூடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். உள்ளே வந்த பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே ஒரு பாமாலைப் பாட்டைத் தணிந்த குரலில் பாடினார்கள், ஆயர் சின்னதாக ஜெபித்தார், அப்பா பெயரைச் சொன்னார். அம்மா அடுப்பில் வைத்திருந்த சுக்குக் காப்பியை எடுத்து வந்து எல்லாருக்கும் ஊற்றினாள். மூன்று மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவள் நாலு பேருக்கு எதையாவது கலக்கிக் கொடுத்தாள். ஆகவே கூச்சப்படாமல் சொல்லுங்கள், என்ன முடியும் என்ன முடியாது என்று நீங்கள் சொன்னால் ஒழிய மற்றவர்களுக்குத் தெரியாது.

பண்டிகை ஆராதனைக்கும் அப்படித்தான். எங்கள் பக்கம் விடியற்காலை நாலரை, ஐந்துக்கே மணி அடித்துவிடும். புதுத்துணி வேண்டாம், துவைத்த துணி போதும். வாசல் பக்கத்துக் கடைசி பெஞ்சில் உட்காருங்கள், பாட்டு தாங்க முடியாமல் போனால் எழுந்து வெளியே மரத்தடியில் நின்றுவிட்டு வரலாம். பாட முடியவில்லையா, சுற்றி இருப்பவர்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருங்கள், அன்றைக்கு அவர்கள் உங்களுக்காகவும் சேர்த்துப் பாடுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். திருவிருந்து இருந்தால் போய்க் கையை நீட்டுங்கள், அங்கே கொடுக்க ஒன்றும் வேண்டாம், வாங்கிக்கொண்டால் போதும். முடிந்ததும் வாழ்த்துச் சொல்லக் கூட்டம் சூழும் முன்னே கிளம்பிவிட்டாலும் தப்பில்லை.

வந்த பலகாரத்தில் பாதியை எடுத்து, அதே வருஷம் அடி வாங்கிய இன்னொரு வீட்டுக்குக் கொண்டு போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளையிடம் கேளுங்கள், எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள் என்பது ஆயரைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

24-ஆம் தேதி சாயங்காலத்துக்கு லூக்காவின் கடைசி அதிகாரம் மீதி இருக்கும். எம்மாவு ஊருக்குப் போகிற வழியில் இரண்டு பேர் முகவாட்டத்தோடு நடந்து போகிறார்கள், நம்பியிருந்தோம், இப்படி ஆகிவிட்டதே என்று பேசிக்கொண்டு. கூட நடந்து வருகிறவர் உயிர்த்தெழுந்த இயேசு என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஊர் வந்ததும் அவரைப் போக விடாமல் கேட்டுக்கொள்கிறார்கள்: "நீர் எங்களுடனே தங்கியிரும், சாயங்காலமாயிற்று." அம்மா அந்த வசனத்தில் விரலை வைத்து நிறுத்தினாள். வெளியே இருட்டிக்கொண்டிருந்தது, எதிர்வீட்டு ஸ்டாரின் சிவப்பு வெளிச்சம் எங்கள் திண்ணையில் விழுந்திருந்தது. அந்த வரியை மட்டும் இன்னொரு முறை, இந்தத் தடவை வாசிப்பது போல இல்லாமல், நேரே ஒருவரிடம் கேட்பது போலச் சொன்னாள்.